மெழுகுவர்த்தி ஏற்றாத கல்லறை

1. சேர்ந்த வருடம்

ரங்கூனில் ஒரு கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். படிப்பு நாலாம் வகுப்பு. புல் வெட்டுவேன், சாய்ந்த கல்லை நிமிர்த்துவேன், மங்கிய எழுத்துக்குக் கறுப்பு பெயிண்ட் போடுவேன். முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவனுக்கு ஏற்ற இடம்.

சேர்ந்த வருடமே கல்லறைத் திருநாளன்று மெர்சியம்மாவைப் பார்த்தேன். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவர், ரங்கூனிலேயே போட்டாதாங் பேட்டையில் வீடு. குடும்பக் கல்லறைகள் எல்லாவற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றினார். ஓரத்தில் பாதி புதைந்திருந்த ஒரு சின்னக் கல்லுக்கு மட்டும் பூவை வைத்துவிட்டு நகர்ந்தார். அதில் சிலுவை இல்லை. ‘யாக்கோபு’ என்று தமிழில் பெயர் மட்டும் இருந்தது. மறந்துவிட்டார் என்று நானே ஒன்றை ஏற்றி வைத்தேன்.

"கோ முத்து, அணைச்சிடுய்யா. தாத்தா எந்திரிச்சி வந்து ஊதிடப்போறாரு" என்றார். பர்மாவில் ஆண்களை ‘கோ’ போட்டு மரியாதையாகக் கூப்பிடுவது வழக்கம்.

காரணம் அவருக்கும் தெரியவில்லை. தாத்தா வெள்ளைக்காரர், அலோன் மரமில்லில் மெக்கானிக், கட்டினது தமிழ்ப் பெண்ணை. தனக்கு மெழுகுவர்த்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவ்வளவுதான்.

2. கனடாக்காரர்

போன குளிர்காலத்தில் கனடாவிலிருந்து பீட்டர் என்பவர் வந்தார். கூட வந்த மா தீடா என்ற வழிகாட்டிப் பெண் பர்மியத்தில் விவரம் சொன்னாள். பீட்டர் வீட்டார் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். பீட்டரின் தாத்தாவும் அவர் தம்பியும் ருஷ்யாவிலிருந்து கனடாவுக்குக் குடியேறியவர்கள். அண்ணன் விவசாயம் பார்த்தார். தம்பி கப்பலேறி ரங்கூனுக்கு வந்துவிட, சபையை விட்டுப் போனவன் என்று வீட்டில் அவர் பேச்சையே எடுக்கவில்லை. பீட்டர் கையிலிருந்த வம்ச வரைபடத்தில் அந்தத் தம்பிக்குக் கீழே ஒரு கேள்விக்குறி. பீட்டரின் அப்பாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் உண்டா என்று தெரிந்துகொண்டுதான் கண்ணை மூட வேண்டும் என்கிறாராம். பீட்டருக்கு மறுநாள் விமானம்.

குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் தேடி வரிசை வரிசையாக நடந்தார்கள். கிடைக்கவில்லை. குழாயடியில் உட்கார்ந்து தங்கள் ஊர்க் கல்லறைகளின் போட்டோவைக் காட்டினார். எல்லாம் குட்டைக் கற்கள். சிலுவையோ விளக்கோ கண்ணில் படவில்லை. மெழுகுவர்த்தி ஏற்ற மாட்டீர்களா என்று மா தீடா மூலம் கேட்டேன். தங்கள் வழக்கத்தில் இல்லை என்றார். எனக்கு மெர்சியம்மா தாத்தாவின் கல் நினைவுக்கு வந்தது. கூச்சத்தை விட்டு அவரை அந்தக் கல்லுக்குக் கூட்டிப்போனேன்.

பெயரைப் படித்துச் சொன்னேன். தம்பியின் பெயரும் அதுதான், ஆனால் தங்கள் ஊரில் பாதிப் பேர் யாக்கோபுதான், அது மட்டும் போதாது என்றார். தாழ்ந்த தரையில் மழைக்காலச் சேறு கல்லை விழுங்கும். கடைசி வரி எப்போதும் மண்ணுக்குள்தான். கொத்துக்கரண்டியால் சுற்றிலும் தோண்டினேன். கம்பி பிரஷ் போட்டால் எழுத்து உதிர்ந்துவிடும். தண்ணீர் ஊற்றி, கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினேன். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து ஒன்றொன்றாக எழுந்து வந்தது. பீட்டர் ஈரத்திலேயே முட்டி போட்டார். அண்ணன் தம்பி இருவரும் பிறந்த ருஷ்யக் கிராமத்தின் பெயராம் அது.

3. கால் கழுவுகிற வீடு

மெர்சியம்மாவுக்குப் போன் செய்தேன். டாக்சி பிடித்து வந்தார். இருவரும் ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினார்கள். தாத்தா வீட்டில் என்ன பழக்கம் வைத்திருந்தார் என்று பீட்டர் கேட்டதும், மெர்சியம்மா ஏதோ சொல்லிக் கையால் குனிந்து காட்டினார். பீட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெர்சியம்மா என் பக்கம் திரும்பினார்.

"வருசக் கடைசியில பேசின்ல தண்ணி வச்சி, பொம்பளைங்க பொம்பளைங்களுக்கு, ஆம்பளைங்க ஆம்பளைங்களுக்குக் காலு கழுவிவிடுவோம். கால் கழுவுற வீடுன்னு சம்பந்திங்க எல்லாம் கேலி பண்ணுவாங்க. இவங்க சபையிலயே அப்படித்தான் செய்வாங்களாம்யா."

பீட்டர் அந்தக் கல்லின் மேலேயே வரைபடத்தை விரித்தார். கேள்விக்குறியை அடித்துவிட்டு மெர்சியம்மாவின் அப்பா பெயர், அவர் பெயர், பிள்ளைகள், பேரன்கள் என்று எழுதினார். இடம் போதாமல் ஓரத்தில் வளைந்து போயிற்று. அதைப் போனில் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினார்.

கல்லை உயர்த்தி நிறுத்தி, அந்தக் கடைசி வரிக்கு நான்தான் பெயிண்ட் போட்டேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை என்று மெர்சியம்மா விரல் வைத்துப் பார்த்துச் சொன்னார். அடுத்த திருநாளில், இனி ஏற்றலாமா என்று கேட்டேன்.

"இப்பதான்யா ஏத்தவே கூடாது" என்றார்.

இப்போது சொந்தக்காரர் கல்லறையைத் தேடி யார் வந்தாலும் முதலில் பெயரைக் கேட்கிறேன். அடுத்து, உங்கள் வீட்டில் எதைச் செய்ய மாட்டார்கள் என்று கேட்கிறேன்.