போட்டிக்கு ஆகாத தெரு

உலகத்தில் வாழத் தகுந்த நகரம் எது, இரண்டாவது எது, நாற்பதாவது எது என்று செய்தித்தாளில் பட்டியல் வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்வையிட வந்தவர்களுக்குக் காட்டாமல் எந்தத் தெருவை மறைத்து வைத்தார்கள் என்று அதில் ஒருவரும் எழுதுவதில்லை. எங்கள் தெருவை மறைத்தார்கள். அதனால் எனக்குத் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சுற்றுவட்டாரத்தில் சிறந்த ஊர் எது என்று ஒரு போட்டி வைத்தார்கள். திண்டுக்கல்லுக்காகப் பெரிய மனிதர்கள் சிலர் குழு அமைத்து, நாகல் நகரில் வளைவு கட்டி, 'பூட்டு நகரம் வரவேற்கிறது' என்று எழுதி வைத்தார்கள். பூட்டு, சரி. தோல் மட்டும் ஊர்ப் பெருமையில் சேரவில்லை. திண்டுக்கல்லுக்குள்ளேயே இருக்கும் எங்கள் பேகம்பூரில் பாதி வீடுகளில் தோல் வேலையால்தான் அடுப்பு எரிந்தது. அந்தப் பெரிய மனிதர்களின் காலில் கிடந்த செருப்பு என்ன, வானத்திலிருந்தா விழுந்தது?

என் தகப்பனாரை அத்தா என்போம். அவர் சின்னதாகத் தோல் பதனிடும் ஷாப் ஒன்று நடத்தினார். இருபது வயதில் நானும் அவரோடு அங்கேதான் வேலை செய்தேன். பக்ரீத்துக்கு மறுநாள். குர்பானி கொடுத்த வீடுகளின் ஆட்டுத்தோல்கள் மதரஸாவுக்குப் போகும். அவற்றைப் பதப்படுத்தி விற்றுத்தான் அங்கே தங்கிப் படித்த யத்தீம் பிள்ளைகளுக்கு, தாய் தகப்பன் இல்லாதவர்களுக்கு, வருஷம் முழுக்கச் சாப்பாடு. தோல்களை அத்தாவிடம்தான் ஒப்படைப்பார்கள். அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள் என்று சொல்லி, சொந்தத் தோலைவிடக் கவனமாகப் பார்ப்பார். அன்று காலையில்தான் அலசித் தொட்டியில் ஊறப் போட்டிருந்தோம். மறுநாள் சுண்ணாம்புக்கு மாற்றியாக வேண்டும்.

மதியம் குழுத் தலைவர் ஆட்களோடு வந்தார். நடுவர்கள் வருகிறார்கள், வாடை வரக்கூடாது, மூன்று நாள் மூடு என்றார். ஊறப் போட்டதை அப்படியே விட்டால் அழுகிவிடும், ஒரு நாள் பொறுத்தால் நானே மூடிவிடுகிறேன் என்று அத்தா கெஞ்சினார். அவர் கெஞ்சியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"மூணு நாளுல என்னப்பா ஆயிரப் போகுது? ஊர் மானத்தவிட ஆட்டுத்தோலு பெருசா?" என்றார் தலைவர்.

கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனார்கள். தெருமுனையில் ஓலைத் தட்டி கட்டி மறைத்தார்கள். தட்டிக்கு மாவிலைத் தோரணம் வேறு.

வேலை நடக்கிற ஷாப்பில் வாடை இருக்கும். வேலை நின்றுபோன ஷாப் நாறும். தோலைத் தொட்ட எவனுக்கும் இது தெரியும். குழுவில் அப்படி ஒருவர்கூட இல்லை. மூன்றாம் நாள் நடுவர்களின் கார் கடைத்தெருவில் நின்றபோது, அதுவரை எங்கள் தெருவைத் தாண்டாத நாற்றம் அங்கே வந்து சேர்ந்தது. எல்லோரும் கைக்குட்டையை எடுத்தார்கள். சாவி கேட்பதற்காக நானும் அத்தாவும் கூட்டத்தில் நின்றிருந்தோம்.

இது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நடுவர் கேட்டார். தலைவர் தட்டிப் பக்கம் கையைக் காட்டி, சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது நம்ம ஊரு இல்லீங்க. பக்கத்துல வேற ஊரு."

அத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். குரலை உயர்த்தவில்லை. "இந்த ஊருதாங்க. எங்க அத்தா, அவுக அத்தா எல்லாம் இங்கதான் அடங்கியிருக்காக. இப்ப நாறுறது யத்தீம் புள்ளைகளோட சோறுங்க" என்றார். நடுவர் தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறினார்.

சாயங்காலம் சாவி கிடைத்தது. ஊறப் போட்டதில் ஒரு தோல்கூடத் தேறவில்லை; எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தோம். ஏற்கெனவே பதப்படுத்தி வைத்திருந்த தன் சொந்தத் தோல்களை மதரஸாவுக்குக் கொடுத்து அத்தா ஈடுகட்டினார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் புதுத்துணி எடுக்கவில்லை.

பரிசு வேறு ஊருக்குப் போனது. பேகம்பூர்க்காரர்களால்தான் திண்டுக்கல்லின் பெயர் கெட்டது என்று கடைத்தெருவெல்லாம் பேசினார்கள். அதற்கு மட்டும் நாங்கள் அந்த ஊர்க்காரர்கள் ஆகிவிட்டோம்.