மூட்டையில் விழும் துளை

என் குத்தூசியின் பிடி தேய்ந்துவிட்டது. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் வந்து இறங்கும் நெல் மூட்டையை அதைக் கொண்டு குத்தி, ஒரு பிடி நெல் எடுத்துப் பார்ப்பது என் வேலை. உருவியதும் துளையைக் கட்டைவிரலால் தேய்த்துவிட வேண்டும். சணல் இழை கூடிக்கொள்ளும், நெல் சிந்தாது.

என் மகளுக்கு ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. அம்மா இல்லாத பிள்ளை, கூடப்பிறந்ததும் இல்லை. திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார். எடுத்த இடத்தில் பஞ்சை வைத்துத் தேய்த்தார்.

"அப்பா, நீ மூட்டையத் தேய்க்கிற மாதிரியே தேய்க்கிறாங்க" என்றாள் மகள்.

பிழைப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டு விஷயம் பாக்கணுங்க. முதல் சுத்து மருந்துல மஜ்ஜை சுத்தமாகுதான்னு ஒண்ணு. நோயோட மரபணு எந்த வகைன்னு இன்னொண்ணு. அந்த ரிப்போர்ட் வர நாளாகும்."

மகளுக்கு முடி கொட்டியது. வாயெல்லாம் புண். ஒரு மாதம் கழித்து மறுபடி மஜ்ஜை எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு நாலு நாள் போய்வரச் சொன்னார்கள். காவிரிப் பாலத்தில் ஆட்டோ போகும்போது, "உனக்குச் சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஆட்டோக்காரரிடம், "அண்ணே, எனக்குச் சரியாப் போச்சு" என்றாள்.

"அப்ப எறங்கி நடந்து வா பாப்பா" என்றார் அவர். அவள் சிரித்த சிரிப்பு பாலம் முடியும்வரை இருந்தது.

மூட்டையின் வாயில் நல்ல நெல்லும் அடியில் ஈர நெல்லும் போட்டுக் கொண்டுவருகிறவர்களை எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன். ஒரு குத்தை நம்பக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு நம்பினேன்.

அடுத்த வாரம் மரபணு ரிப்போர்ட் வந்தது. கெட்ட வகை. மருந்துக்குக் கேட்டாலும் நோய் திரும்பி வரும், மஜ்ஜை மாற்றினால்தான் வழி என்றார் டாக்டரம்மா. என் மஜ்ஜையைக் கொடுக்க சென்னையில் நாள் குறித்தார்கள். நாள் வருமுன் நோய் திரும்பிவிட்டது.

"சரியாப் போச்சுன்னு சொன்னியேப்பா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். நான் போர்வையை இழுத்துவிட்டேன். அந்த மாதமே இறந்துபோனாள்.

இப்போது ஒரு மூட்டையை மூன்று இடத்தில் குத்துகிறேன். நேற்றும் அப்படித்தான். கடைசித் துளையில் விரல் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டது போல.

"என்னய்யா, மூட்டை அழுவுதா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க" என்று விரலை எடுத்தேன்.