எல்லாம் படித்தாயிற்று

இன்று காலை பல் விளக்கிக்கொண்டே கைபேசியைப் பார்த்தேன். குடும்பக் குழு, பள்ளித் தோழர்கள் குழு, எங்கள் தெருவின் தண்ணீர் லாரிக் குழு என்று எல்லாவற்றிலுமாகப் படிக்காத செய்திகள் எழுநூற்றுக்கு மேல். வாயில் நுரையோடு, ஒன்றைக்கூடத் திறக்காமல், மொத்தத்தையும் படித்ததாகக் குறித்துவிட்டு வாயைக் கொப்பளித்தேன். மனசுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. இந்தப் பழக்கம் எனக்கு எங்கே தொற்றியது என்று உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் திண்டுக்கல்லில் பூச்சிமருந்தும் சொட்டுநீர்க் குழாயும் மொத்தமாக விற்கும் ஓர் ஆபீசில் சேர்ந்தேன். முன்னால் ஆபீஸ், பின்னால் குடோன். அந்த மருந்து வாடை முதல் வாரம் தலையைப் பிளக்கும், அப்புறம் பழகிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு சீட் தேடிப் போனால், காலை நீட்ட வசதியாயிற்று என்று சந்தோஷப்பட்ட ஆள் நான். வாடை என் சட்டையில் ஏறியிருக்கிறது என்று தெரியவே ஆறு மாதம் ஆனது.

எங்கள் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த ஜெயராணி அக்காவுக்கு மட்டும் அது கடைசிவரை பழகவில்லை. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் குடோன் பக்கம் போவார். தபால் வழியில் நூலகப் படிப்பு முடித்திருந்தார். கவர்ன்மெண்டில் நூலகர் வேலை, அது ஒன்றுதான் அவருடைய ஆசை. “புத்தகத்துக்கு நடுவுல ஒக்காந்துட்டாப் போதும் அப்பு” என்பார். என்னை அப்பு என்றுதான் கூப்பிடுவார்.

என் வேலை தினம் ஒரு தாள் தயாரிப்பது. மழை, காய்கறி விலை, மானிய அறிவிப்பு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சுருக்கி, வடமதுரை, கீரனூர், பாலசமுத்திரம் பக்கத்துக் கடைக்காரர்களுக்குப் பத்து மணிக்குள் ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். அதற்காக மூன்று பேப்பர் வரும். அக்கா எனக்கு முன்னாலேயே வந்து மூன்றையும் விரித்து, எனக்கு வேண்டியதைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருப்பார். நீல வட்டம் அவருக்கு, வேலை அறிவிப்புகளுக்கு. நான் வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். பெயர் மட்டும் எனக்கு.

அப்புறம் ஆபீசுக்கு பிராட்பேண்ட் வந்தது. தமிழ் வலைப்பதிவுகளைத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் செய்தியோடை என்கிற சமாச்சாரம் பிடிபட்டது. அதைப் படிக்கும் கருவியில் பிடித்த தளத்தை ஒரு தடவை சேர்த்துவிட்டால் போதும், அங்கே புதிதாக எது வந்தாலும் நம் திரைக்கே வந்து நிற்கும். மழைக்கு ஒரு ஃபோல்டர், மார்க்கெட்டுக்கு ஒன்று, மானியத்துக்கு ஒன்று. ‘ஜெயராணி அக்கா’ என்ற பெயரிலேயே ஒன்று போட்டு, வேலைவாய்ப்புப் பதிவுகள் நாலைந்தை அதில் சேர்த்தேன். அக்கா தன் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தார்.

முதலாளி கீரனூர்க்காரர். ஒருநாள் என் முதுகுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்த்தார். “ஏனுங்க தம்பி, எல்லாம் இந்தப் பொட்டியிலயே வருதுன்னா மூணு பேப்பர் எதுக்குங்க?” என்று கேட்டார். தேவையே இல்லை என்று பெருமையாகத் தலையாட்டினேன். அடுத்த மாதம் பேப்பர் நின்றது. முதல்நாள் காலையில் அக்கா இரண்டு பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு வெறும் மேஜை முன்னால் நின்றார். உங்களுக்கும் சேர்த்து நானே பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சரி என்று பேனாக்களை டிராயரில் போட்டார்.

அதிலிருந்து தினமும் டிபன்பாக்ஸைத் திறக்கும்போது ஒரு கேள்வி வரும்: “நம்ம வேல ஏதும் வந்துச்சா அப்பு?” நானும் பார்த்துச் சொல்வேன், இல்லை என்று.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. கண்ணில் பட்ட ஓடையை எல்லாம் சேர்த்தேன். சிகாகோவில் குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்கவைப்பது எப்படி என்பதுவரை என்னிடம் வந்துகொண்டிருந்தது. திண்டுக்கல் வெயிலில் இருக்கிறவனுக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள். அப்புறம் குழு மடல்கள், சுட்டி பகிர்கிற தளங்கள். படிக்காதவை ஆயிரத்தைத் தாண்டினால் அந்தக் கருவி எண்ணுவதையே நிறுத்திவிட்டு, ஆயிரம் என்று போட்டுப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி வைக்கும். திங்கட்கிழமை வந்ததும் ‘அனைத்தும் படித்தாயிற்று’ பட்டனை ஒரு தட்டு. எல்லாம் காலி. பெருக்கித் துடைத்த வீடு மாதிரி இருக்கும். அக்கா கேட்டால் பார்க்காமலே இல்லை என்று சொல்லவும் பழகிவிட்டேன்.

ஒரு மழைக்காலக் காலை. அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி, ஈரக்குடையைக்கூட மடக்காமல் நேரே என் மேஜைக்கு வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த வடமதுரைப் பெண், நூலகர் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வைத்திருந்தாளாம். அக்காவுக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. ஆபீஸ் முழுக்கத் தெரிந்த விஷயம்.

“கடைசித் தேதி போயி ஒரு மாசமாச்சாம் அப்பு. நம்ம பொட்டியில வரலியா?”

தேடிப் பார்த்தேன். இருந்தது. கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே, அக்காவின் ஃபோல்டரிலேயே வந்திருந்தது. நான் படித்துவிட்டதாகக் குறிப்பும் இருந்தது. திரை என் பக்கம் திரும்பியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

“வரலைக்கா.”

“வரலைன்னா நீ என்னப்பா செய்வே” என்றார். போய்க் குடையைச் சுவரோரம் விரித்துவைத்துவிட்டு டைப் அடிக்க உட்கார்ந்தார்.

மத்தியானம் வழக்கம்போல வெஞ்சனத்தில் பாதியை என் தட்டில் வைத்தார். சேப்பங்கிழங்கு வறுவல். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. இதுதான் உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தொண்டையில் அடைக்கும், ராத்திரி தூக்கம் வராது என்றெல்லாம் காத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

அதற்கப்புறம் அக்கா கேட்பதை விட்டுவிட்டார். நான்தான் அவர் பெயர் போட்ட ஃபோல்டரை மறுநாளிலிருந்து ஒரு வரி விடாமல் படிக்க ஆரம்பித்தேன். குரூப் தேர்வு, கிராம உதவியாளர், ஆய்வக உதவியாளர் எல்லாம் படித்தேன். அவருக்கு வயது தாண்டிப் பல வருஷம் ஆன பிறகும் படித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் அந்தக் கருவியையே மூடப்போவதாக அறிவித்தார்கள். உலகமே புலம்பியது. எனக்குப் புலம்பத் தோன்றவில்லை. மூடிய மறுநாள் திறந்தபோது நன்றி சொல்லும் ஒரு பக்கம் மட்டும் நின்றது. அந்த வேலைப் பதிவுகளை எழுதிய புண்ணியவான்களும் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். ஆபீசையும் குடோனையும் இடித்துவிட்டார்கள்.

சில வருஷம் முன்பு அக்கா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாதா கோவில் வாசலிலேயே என் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கூட்டிப்போனார். “எனக்காக தெனமும் கம்ப்யூட்டர்ல வேல தேடுன தம்பி இது. நமக்குத்தான் குடுப்பினை இல்ல” என்றார். கும்பிட்டேன், சிரித்தேன், பிரியாணி சாப்பிட்டேன்.

வந்த அறிவிப்பு இல்லை, வந்த தேதி இல்லை, நான் படித்ததாக நின்ற குறியும் இல்லை. அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று காட்ட, இப்போது என்னைத் தவிர எதுவும் மிச்சமில்லை.