கோட்டை வாசலில் என் மனைவி சொன்ன ‘வாங்க’

இன்று திருமயம் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் காலத்துச் சண்டையை நடித்துக் காட்டினார்கள். நாங்களும் காரைக்குடியிலிருந்து குடும்பத்தோடு போய் வேஷம் கட்டினோம்.

நானும் மகளும் சிவப்புக் கோட்டு மாட்டிய கும்பினிப் படை. மனைவி, ஈட்டியோடு வாசலைக் காக்கும் பாளையத்து வீராங்கனை.

எங்கள் வெள்ளைக்காரத் தளபதி பக்கத்து வீட்டு அண்ணன். அவர் கத்தியை உருவிக்கொண்டு முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓடினோம்.

மனைவி ஈட்டியை ஓங்கினாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் ஈட்டி இறங்கிவிட்டது.

“வாங்கண்ணே! அண்ணி வரலையா?”

“பின்னாடி வாராக” என்றபடியே தளபதி உள்ளே போய்விட்டார். கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் கோட்டை எங்கள் கையில்.

“ஏம்மா அப்படிச் சொன்னே?” என்று மகள் கேட்டாள்.

“வாசலுக்கு வந்தவுகள வாங்கன்னு கேக்காம எப்படி இருக்கிறது?”

மகள் விடவில்லை. “அப்ப நெசக் கும்பினிக்காரனையும் யாராச்சும் வாங்கன்னு கேட்டாகளா?”

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.