பூட்டும் குதிரைக்காரியும்

எங்கள் கம்பெனியில் பெயின்டர் பெண்ணுக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். வைத்தவன் நான்தான். மேஜைமேல் பரப்பிப் போர் விளையாடுவதற்கான கட்டைவிரல் உயரப் பொம்மைகளைச் செய்கிற கம்பெனி அது. நான் அச்சு எடுப்பவன். பெட்டியில் படம் போடுவதற்காக, கையால் செதுக்கிய முதல் பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது அவள் வேலை. ஆறு மாதம் கழித்துக் கடைக்கு வரப்போவது இன்றே அவள் கையில் இருக்கும். அதைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

முதலாளியின் வீண் பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒருவன் எங்கேயோ உளறினான். புதுசு வருகிறதாம் என்றதும் கடையில் இருந்த பழைய சரக்கைத் தொட ஆளில்லை. நாங்கள் பெட்டி ஒட்டி முடிப்பதற்குள் எவனோ அதே மாதிரி போலி செய்து விற்றுவிட்டான். அன்றிலிருந்து நானும் வாயைத் தைத்துக்கொண்டேன்.

பூட்டுக்குச் சோதனை அவள் அப்பா வழியாக வந்தது. மனிதருக்கு எங்கள் பொம்மைகள் என்றால் உயிர். இருநூறு வீரர்கள் கொண்ட படையை வீட்டு அலமாரியில் நிறுத்தி வைத்திருந்தார். தலைவி மட்டும் இல்லை. குதிரைமேல் வரும் அவளை அவர் வாங்குவதற்குள் கம்பெனி நிறுத்திவிட்டது. மறுபடி வருவாள் என்று பதினெட்டு வருடம் காத்திருந்தவருக்கு ஒருநாள் அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மொத்தப் படையையும் தெரிந்தவர் ஒருவருக்குத் தூக்கிக் கொடுக்கப்போவதாக வீட்டில் அறிவித்துவிட்டார்.

அந்த வாரம் பூட்டின் மேஜையில் இருந்தது அதே குதிரைக்காரியின் புது உருவம்தான். பாதி முகத்துக்கு வண்ணம் ஏறியிருந்தது.

"அப்பாதானே, சொல்லிடேன்," என்றேன் சாப்பாட்டு நேரத்தில்.

"அவரு ஓட்டை வாயி உங்களுக்குத் தெரியாதுண்ணே. சாயந்திரத்துக்குள்ள பத்து பேருக்குப் போயிடும்."

"அப்ப காரணத்தைச் சொல்லாத. குடுக்காதீங்கன்னு மட்டும் சொல்லு."

"தூசி படியுதுன்னு பத்து வருஷமா அந்த அலமாரியைப் பாத்துக் கத்துறவ நான். இப்பப் போய் வேணாம்னு சொன்னா, என்ன வருதுன்னு அந்த நிமிஷமே கண்டுபிடிச்சிடுவாரு."

அதுதான் இந்தத் தொழிலின் கொடுமை. வாயை மூடினால் மட்டும் போதாது, நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்க வேண்டும். ஞாயிறன்று அவளே உட்கார்ந்து ஒவ்வொரு வீரனையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாளாம். திங்கட்கிழமை கண் வீங்கி வந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற அப்பாவைவிடக் கையெழுத்து பெரிசா என்று கேட்டே விட்டேன். அவள் குதிரைக்காரிக்குக் கண் வரைந்தாள்.

அடுத்து என் முறை. குதிரையின் தூக்கிய முன்கால் ரொம்ப மெல்லியது. அச்சிலிருந்து எடுக்கும்போதெல்லாம் ஒடிந்தது. நாலு அச்சு மாற்றினேன், ஐந்தாவதிலும் ஒடிந்தது. போதும் என்று முதலாளி கைவிட்டுவிட்டார். வெளியே யாருக்கும் தெரியாததால் யாரும் ஏமாறவில்லை, யாரும் திட்டவுமில்லை. என்றாவது மறுபடி செய்யலாம், அதுவரை பேச்சு வெளியே போகக்கூடாது என்றார். வண்ணம் தீட்டிய அந்த ஒற்றைக் குதிரைக்காரி பீரோவுக்குள் போனாள்.

சில மாதம் கழித்துப் பூட்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா நேத்து சிரிச்சாருண்ணே. நல்லவேளை குடுத்துட்டேன், இல்லன்னா இன்னும் அவளுக்காகக் காத்துக்கிட்டே இருப்பேன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஆமாப்பான்னேன். பதினெட்டு வருஷமா அவரு தேடினவளோட முகத்தை நான் பாத்துட்டேன். அவரு பாக்கவே போறதில்ல."

கால் ஒடிந்தது என் அச்சில்.

"மன்னிச்சிடும்மா," என்றேன்.