கட்டைவிரலில் வைத்த மை

மக்கள் ஏன் இப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்பதைப் பற்றி வாலாஜாபாத் பக்கத்து எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் அதிகம் பேசியவன் நான்தான். சரித்திர வாத்தியார். நாலு புத்தகம் படித்தவன். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் நிறுத்தத் தெரியாதவன். சாதி, காசு, இலவசம், கட்சிப் பழக்கம் என்று நாலு டப்பா வைத்திருந்தேன். எந்த வாக்காளரையும் ஏதோ ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். மூடி பொருந்தாவிட்டால் அது வாக்காளரின் குறை.

தேர்தல் வேலைக்குப் போனால் எனக்கு எப்போதும் மை வைக்கிற நாற்காலிதான். என் படிப்புக்கு அரசாங்கம் கொடுத்த அதிகபட்ச மரியாதை அது. போன தேர்தலில் ஒரகடத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரின் தொடக்கப் பள்ளியில் எங்கள் வாக்குச்சாவடி. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், அதற்குப் பின்னால் கம்பெனிச் சுவர்.

காலை ஏழு மணிக்கே வரிசை நின்றுவிட்டது. கம்பெனிக்கு லீவு, ஆனால் பாதிப் பேர் கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டு. அடையாள அட்டை கேட்டால் அதைத்தான் தூக்கிக் காட்டினார்கள். விரலை நீட்டச் சொன்னால், ஷிஃப்டுக்கு ரேகை மெஷினில் பஞ்ச் வைக்கிற பழக்கத்தில் அழுத்துவதற்கு இடம் தேடினார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்த ஒருவர் என் மை பாட்டிலின் மூடிமேல் விரலை அழுத்திவிட்டு, பச்சை விளக்கு எரியக் காத்துக்கொண்டிருந்தார்.

மை வைக்கிறவனுக்கு முகங்கள் நினைவில் நிற்காது, விரல்கள்தான் நிற்கும். நகக்கண்ணில் கிரீஸ், மஞ்சள், கையுறைக்குள் ஊறி வெளுத்த தோல். விரலைப் பார்த்ததும் மனசுக்குள் ஆளை டப்பாவில் போடுவேன். தப்பா சரியா என்று யாராலும் சொல்ல முடியாத விளையாட்டு என்பதால் நான் தோற்றதே இல்லை.

பதினோரு மணி இருக்கும். நாற்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். பின்னாலேயே, அவரை பைக்கில் கூட்டிவந்த மனைவியின் தம்பி. முதல் மேஜையில் பெயர் சரிபார்த்து என்னிடம் வந்ததும் அவர் கையை நீட்டினார். இடது கையில் கட்டைவிரல் மட்டும் இருந்தது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. கட்டைவிரல் போக மிச்சம் இருந்த இரண்டும் மடங்கி விறைத்திருந்தன.

"மாமாவுக்கு கை ஆவாது சார். நானே உள்ள போயி அமுக்கிடறேன்" என்றான் மச்சினன். "எப்பவும் எங்க வூட்ல ஒரே ஓட்டுதான்."

நான் அதற்குள் துணையாளுக்கான படிவத்தை எடுத்து மச்சினன் பெயரை எழுத ஆரம்பித்திருந்தேன். அந்த மனுஷரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரக்கம் வந்துவிட்டால் எனக்குக் காது கேட்காது.

"எழுதாதீங்க சார்" என்றார் அவர். பிறகு மச்சினனைப் பார்த்து, "ஒரே ஓட்டுன்னா நீ ஒருத்தன் வந்தா போதுமேடா. என்னை இன்னாத்துக்கு பைக்ல ஏத்திக்கினு வந்த?"

சாவடியின் தலைமை அலுவலர் அம்மா எழுந்து வந்தார். "உங்களால தனியா அழுத்த முடியுமா?"

"அமுக்கிப் பாத்தாதான மேடம் தெரியும்."

"முடியலன்னா துணை வெச்சுக்கலாம், தப்பில்ல. சட்டத்துலயே இருக்கு."

அவர் தன் கையைத் தூக்கிக் காட்டினார். "தகடு அமுக்குற பிரஸ் ஷாப்ல இருந்தேன் மேடம். ரெண்டு கையும் ரெண்டு பட்டன்ல இருந்தாதான் பிரஸ் எறங்கும். கை உள்ள மாட்டக்கூடாதுன்னு அப்படி வெச்சிருப்பாங்க. புரொடக்‌ஷன் பத்தலன்னு ரெண்டு பட்டன்மேலயும் டேப்ப சுத்தி அமுக்கிட்டு, கால்ல மிதிக்கிற மாதிரி மாத்திட்டானுங்க. என் கை அமுக்க வேண்டிய பட்டன டேப்பு அமுக்கிக்கினு இருந்துச்சு. அதான் இப்படி." மூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: "இனிமே எனக்குப் பதிலா எதுவும் அமுக்க வேணாம்."

"அப்ப நான் டேப்பா மாமா?"

"நீ நல்லவன்டா. வெளிய நில்லு."

படிவத்தைக் கிழித்தேன். இடது ஆள்காட்டி விரல் இல்லையென்றால் அந்தக் கையில் இருக்கிற வேறு விரலில் மை வைக்கலாம் என்று பயிற்சி வகுப்பில் சொன்னது, பாதித் தூக்கத்தில் கேட்டிருந்தாலும், நல்லவேளையாக நினைவில் இருந்தது. கட்டைவிரலில் வைத்தேன். வலது கட்டைவிரலுக்கும் விறைத்த மோதிர விரலுக்கும் நடுவில் பேனாவைச் செருகி, பதிவேட்டில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது.

அட்டை மறைப்புக்குள் போனார். ஓட்டு விழுந்ததற்கான பீப் சத்தம் வரவில்லை. மூன்றாவது அலுவலர் தன் பெட்டியின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்சி ஏஜென்ட்டுகள் பேனாவை வைத்துவிட்டார்கள். வாசலிலிருந்து மச்சினன், "மாமா, கட்டைவிரல நேரா வெச்சு..." என்று ஆரம்பிக்க, அலுவலர் அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவன் அடங்கினான். அந்தச் சத்தம் வரவில்லையென்றால் இந்த மனுஷர் தோற்றுப்போய் வெளியே வந்து, மச்சினனைக் கூப்பிட வேண்டியிருக்கும். நான் வேண்டிக்கொள்ளாத ஆள். அன்றைக்கு யாரிடமோ வேண்டினேன்.

பீப் சத்தம் நீளமாக வந்தது.

உடனே வெளியே வரவில்லை. கண்ணாடிக்குள் சீட்டு தெரிந்து கீழே விழுகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்தார். நெற்றி வியர்வையைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, கம்பெனி லைனில் மெஷின் கோளாறு சொல்கிற தொனியில், "பட்டன் கொஞ்சம் டைட்டா கீது சார், பாருங்க" என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஜன்னல் வழியே வேப்பமரத்தடி தெரிந்தது. "நம்ம சின்னம்தான மாமா?" என்று மச்சினன் கேட்டான். "வண்டிய எடுறா" என்றார்.

மனசு பழக்கதோஷத்தில் நாலு டப்பாவையும் திறந்து பார்த்தது. அவர் எதிலும் அடங்கவில்லை. அவர் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சின்னத்துக்கே போட்டிருக்கலாம். மச்சினன் சொன்னதற்கே போட்டிருக்கலாம். அப்படியிருந்தாலும் அது அவர் போட்டது. காலையிலிருந்து நான் மூடி போட்டு அனுப்பியவர்கள் அத்தனை பேரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுடைய பிரஸ்ஸையும் டேப்பையும் நான் கேட்டிருக்கவில்லை. சாயங்காலம்வரை வந்த விரல்களுக்கு மட்டும் மை வைத்தேன், கணிப்பு எதுவும் செய்யாமல். இருபது வருஷம் சரித்திரம் நடத்தியிருக்கிறேன். அந்த வரிசைக்கு மை வைத்த ஒரு நாளைத்தான் பெருமையாக வெளியே சொல்லிக்கொள்கிறேன்.

தேர்தல் வேலை செய்கிறவனுக்குத் தபால் ஓட்டு, அதனால் என் இடது விரலில் மை கிடையாது. வலது கையில் மட்டும் மைக்குச்சி பிடித்த மூன்று விரலிலும் மை. பள்ளி திறந்ததும் ஆசிரியர் அறையில் தமிழ் ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க சார். உங்க பூத்துல யாருக்கு விழுந்திருக்கும்?"

"தெரியாது. ஒரு ஓட்டை யார் போட்டதுன்னு மட்டும் நிச்சயமாத் தெரியும்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கணக்கு வாத்தியாரிடம் கேட்கப் போனார்.