அத்தாவிடம் வராத மகளோடு ஒரு தீம் பார்க் பயணம்

விடுப்பு முடிய இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. என் மகள் அதுவரை ஒரு தடவைகூட என்னிடம் வரவில்லை. இந்தப் பயணம் போனதற்கு உண்மையான காரணம் அதுதான். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு எல்லாம் அப்புறம்.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு கோட்டக்குப்பத்தில், வேலை ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஹனா பிறந்த நாலாம் மாதம் கிளம்பிப் போனவன், இரண்டு வருட ஒப்பந்தம் முடித்து இந்த ஜூலையில்தான் ஒரு மாத விடுப்பில் வந்தேன். இடையில் நாங்கள் சந்தித்துக்கொண்டது எல்லாம் வீடியோ காலில். தினமும் நம்மூர் நேரம் எட்டு மணிக்குக் கூப்பிடுவேன். நான் அங்கே ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு "ஆ" என்பேன், அவள் இங்கே சோற்றுக்கு வாயைத் திறப்பாள். எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவள் பேசிய முதல் வார்த்தையே அத்தாதான் என்று ரூமில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டவன் நான்.

நேரில் வந்து நின்றால், வீல் என்று ஒரே அலறல். "இவங்கதான்டி அத்தா" என்று என் மனைவி நஸ்ரின் சொல்ல, ஹனா என்னைப் பார்த்தாள், அம்மாவின் கையிலிருந்த போனைப் பார்த்தாள், பிறகு போனைக் காட்டி "அத்தா" என்று எங்கள் இருவரையும் திருத்தினாள். தாடியை எடுத்தேன், பொம்மை வாங்கினேன், யானையாகக் கூட நடந்தேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் தீம் பார்க் என்ற பெரிய லஞ்சத்தைக் கையில் எடுத்தேன்.

பார்க் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. பெயரைப் போடவில்லை. போட்டால் ஓசி டிக்கெட் வாங்கிக்கொண்டு எழுதுகிறான் என்று கமெண்ட் வரும். ஒரே நாளில் போய்த் திரும்பலாம்தான். ஆனால் குழந்தை காலையில் அழுதுகொண்டே பயணம் செய்து, அழுதுகொண்டே உள்ளே போக வேண்டாம் என்று முந்தின நாளே போய்த் திண்டிவனத்தில் தங்கினோம். சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இதையே சிபாரிசு செய்வேன்.

திங்கட்கிழமை மாலை 4.40க்குக் கிளம்பினோம். வண்டியும் டிரைவரும் சேர்த்து இரண்டு நாளைக்கு 5,200 ரூபாய், டோல் தனி. டிரைவர் ஏழுமலை வானூர்க்காரர். சொந்தமாக மல்லாட்டை (நிலக்கடலைதான்) போடுகிறார், பயிர் வேலை இல்லாத நாளில் கார் ஓட்டுகிறார். பின் சீட்டில் அம்மாவும் மகளும், முன் சீட்டில் நான். நான் திரும்பிப் பார்த்தால் அழுவாள் என்பதால் 38 கிலோமீட்டரும் கழுத்தை ஆட்டாமல் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏழுமலை கொஞ்ச நேரம் கவனித்தார்.

"இன்னா பாய், புள்ள உங்ககிட்ட வர மாட்டேங்குதா?"

"பத்தொன்பது நாளாச்சு ஏழுமலை."

"வுடுங்க பாய், பேஜாரு பண்ணிக்காதீங்க. போன மாசம் ஒரு கன்னுக்குட்டி வாங்கியாந்தேன். மூணு நாளு என்ன முட்டிக்கினே இருந்துச்சு. இப்ப எங்கூட தோட்டத்துக்கு வருது."

கன்றுக்குட்டிக்கு மூன்று நாள் போதும் என்பதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கவலையாகிவிட்டது.

5.50க்குத் திண்டிவனம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாட்ஜ், ஏசி இல்லாத இரட்டைக் கட்டில் அறை 1,450. (ஏசி மெக்கானிக் லாட்ஜில் ஏசி அறை எடுக்க மாட்டான், அவனுக்கு உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும்.) கீழே ஒரு கடையில், நடந்தால் கீச் கீச் என்று சத்தம் போடும் செருப்பு 120 ரூபாய்க்கு வாங்கினோம். கூட்டத்தில் குழந்தை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பொருள் கிடையாது.

எட்டு மணி ஆனது. இட்லியை வைத்துக்கொண்டு நஸ்ரின் உட்கார்ந்தாள், ஹனா வாயைத் திறக்கவில்லை. வழக்கமான வைத்தியம்தான். நான் அறையை விட்டு வெளியே வந்து, நடைக்கூடத்தில் நின்று மனைவியின் போனுக்கு வீடியோ கால் போட்டேன். உள்ளே "அத்தா!" என்று சந்தோஷக் கூச்சல். போனிலும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது. நான் ஒரு கையில் பார்சல் இட்லியோடு "ஆ" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது லாட்ஜ் மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தார்.

"பாப்பாங்களா சார்? எந்த ஊர்ல இருக்குது?"

"இதோ, இந்தக் கதவுக்குப் பின்னாடி" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார். அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தபோது கூடப் படாத தூரம், அந்தப் பத்தடியில் பட்டது.

மறுநாள் 9.10க்குக் கிளம்பி, 14 கிலோமீட்டர், 9.35க்கு வாசலில் நின்றோம். பத்து மணிக்குத்தான் திறக்கிறார்கள். வார நாளில் பெரியவர்களுக்கு 690 ரூபாய், 85 சென்டிமீட்டருக்குக் கீழே குழந்தைகளுக்கு இலவசம். ஹனா 83. செவ்வாய்க்கிழமை என்பதால் கூட்டம் கம்மி.

குட்டிக் குழந்தைகளுக்கான பகுதி இடது பக்கம் இருக்கிறது. நேராக அங்கே போய்விடுங்கள், மற்றதெல்லாம் உங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. குடை ராட்டினத்தில் குதிரையைக் கண்டு பயந்தாள். குட்டி ரயிலில் அம்மா மடியில் உட்கார்ந்து, நான் ஏறியதும் இறங்கினாள். அப்புறம் நடந்ததுதான் கொடுமை. முயல் வேஷம் போட்ட ஓர் ஆள் ஆறடி உயரத்தில், இந்தப் பெரிய பல்லோடு ஆடிக்கொண்டு வந்தான். மற்ற குழந்தைகள் எல்லாம் அலறுகிறார்கள். என் மகள் கீச் கீச் என்று ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்! பெற்றவன் பக்கத்தில் நிற்கிறேன். முயலைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே தகப்பன் நானாகத்தான் இருப்பேன்.

பதினொன்றரைக்கு முழங்கால் அளவு நீர்க்குளம். ஒரு மணி நேரம் அம்மாவோடு நன்றாக விளையாடினாள். நான் கரையில் துண்டு பிடித்துக்கொண்டு நின்றேன். (மாற்றுத் துணி மூன்று செட் எடுத்துப் போங்கள், இரண்டு போதாது.)

12.50க்குச் சாப்பிட உட்கார்ந்தோம். உள்ளே வெளிச் சாப்பாடு கூடாது, குழந்தைச் சாப்பாட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. லாட்ஜ் பக்கத்து ஓட்டலில் வாங்கி வந்த தயிர் சாதத்தைத் திறந்தாள் நஸ்ரின். ஹனா "அத்தா" என்றாள். நஸ்ரினின் போனை எடுத்தால் அது செத்துப்போயிருந்தது. காலையிலிருந்து எடுத்த படங்கள் அப்படி. சார்ஜர் காரில், கார் ஏழுமலையோடு, ஏழுமலை எங்கேயோ சாப்பிடப் போயிருந்தார். ஹனா அழ ஆரம்பித்தாள். "அத்தா வேணும், அத்தா வேணும்" என்று புரண்டு புரண்டு அழுகிறாள். அத்தா நாலடி தள்ளி நிற்கிறேன்.

"கொஞ்சம் தள்ளிப் போங்க மச்சான். உங்களப் பாத்தா இன்னும் ஜாஸ்தியா அழுவுறா" என்றாள் நஸ்ரின். அவள் கோபமாகச் சொல்லவில்லை, அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. நான் நகர்ந்தேன். ஒன்பது நாளில் இவள் என்னிடம் வராமலே பிளேன் ஏறப் போகிறேன் என்று முதல் தடவையாக நம்பினேன்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு எதிரே போட்டோ எடுக்க ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். யானை மேல் மீசைக்கார ராஜா, முகம் இருக்க வேண்டிய இடத்தில், மீசை நுனிகளுக்கு நடுவே, சதுரமாக ஓர் ஓட்டை. பின்னால் போய் அதில் முகத்தை நுழைக்க வேண்டும். கண்டமங்கலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அங்கே நின்று, ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன். அந்தக் குடும்பத்து அக்கா விடவில்லை.

"நீங்களும் ஒண்ணு எடுத்துக்கோங்க தம்பி. மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நிக்கிறீங்களே. போங்க, நான் புடிக்கிறேன்."

மறுக்கத் தெம்பில்லை. பின்னால் போய், ஓட்டையில் முகத்தை வைத்தேன். சிரிக்கச் சொன்னார், சிரித்தேன்.

"அத்தா!"

சாப்பாட்டு மேஜையிலிருந்து அந்தக் குரல். எட்டு மணிக் குரல். கீச் கீச் கீச் என்று செருப்பு பறந்து வந்தது. பின்னாலேயே தயிர் சாத டப்பாவோடு நஸ்ரின் ஓடி வந்தாள். ஹனா பலகைக்குக் கீழே நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினாள். நஸ்ரின் தூக்கிப் பிடித்தாள். சதுரத்துக்குள் அத்தா. போனில் எப்படி இருப்பேனோ அப்படி, கொஞ்சம் பெரிதாக.

கன்னத்தைத் தட்டினாள். வழக்கமாகக் கண்ணாடிதான் தட்டுப்படும், இன்று தாடை தட்டுப்பட்டது. மூக்கில் விரலை விட்டாள், விரல் உள்ளே போனது. அதிர்ச்சியாக என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த துவாரத்தையும் சோதித்தாள். நான் மூச்சு விடவே பயந்தேன்.

"மச்சான், ஆ சொல்லுங்க" என்றாள் நஸ்ரின். என் கை இரண்டும் பலகைக்குப் பின்னால். அதனால் எனக்கும் அவளே ஊட்டினாள். எனக்கு ஒரு வாய், ஹனாவுக்கு ஒரு வாய். என் வாயில் பாதியும் ராஜாவின் மீசையில் மீதியும் போனது. பின்னால் வெயில் முதுகைச் சுட, குனிந்த கழுத்து கடுக்க, வரிசையில் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். காவலாளி விசிலோடு வந்தார்.

"சார், ஒருத்தருக்கு ஒரு போட்டோதான். ஜல்தியா வாங்க."

கண்டமங்கலத்து அக்கா குறுக்கே போய் நின்றார். "போட்டோவா எடுக்குறாங்க? புள்ள சாப்டுக்கினு இருக்குது, கண்ணு தெரியல? முடிச்சுட்டுதான் வருவாரு. நீங்க போங்க, அந்தாண்ட முயலு சும்மா நிக்குது, அதப் பாருங்க."

இருபத்திரண்டு நிமிடம். டப்பா காலி. அதன் பிறகு ஹனா கீழே இறங்கினாள். எனக்கு எதிரே வானமும் வரிசையும்தான் தெரிந்தன, கீழே பார்க்க முடியவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கீச் கீச் என்று பலகையின் ஓரமாகப் போய், திரும்பி, பின்பக்கம் வந்து நின்றது. என் முழங்காலுக்குப் பின்னால் தயிர்க் கை ஒன்று ஒட்டியது.

"கால்" என்றாள்.

திரும்ப முன்னால் ஓடினாள், முகத்தைப் பார்த்தாள். பின்னால் ஓடினாள், காலைத் தொட்டாள். நாலு தடவை. ஐந்தாம் தடவை பின்னால் வந்தபோது "அத்தா கால்" என்றாள். நான் மெல்லத் தலையை வெளியே எடுத்துத் திரும்பினேன். அவள் காலி ஓட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதடு பிதுங்கியது. போச்சு என்று நினைத்தேன்.

ஓட்டையைக் காட்டி, "அத்தா, போ" என்று உத்தரவு போட்டாள். உடனே உள்ளே போனேன். முன்னால் ஓடிச் சரிபார்த்துவிட்டு வந்தாள். வெளியே வந்தேன். மறுபடி போ என்றாள், போனேன். மூன்றாவது தடவை வெளியே வந்து குந்தி உட்கார்ந்தேன். கிட்டே வந்து மூக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். அதே மூக்குதான். பிறகு இரண்டு கையையும் தூக்கி, "தூக்கு" என்றாள்.

தூக்கினேன். அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. அக்காவும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போதும் போதும், மத்தவங்க போட்டோ எடுக்கணும்" என்று என்னை விரட்டினார்.

அதற்குப் பிறகு குட்டி ரயிலில் ஏழு தடவை போனோம். குடை ராட்டினத்தில் நான் குதிரை மேல், அவள் என் மேல். மாலை 4.20க்குக் கிளம்பி, விக்கிரவாண்டி டோல், முண்டியம்பாக்கம் தாண்டி, 24 கிலோமீட்டரில் விழுப்புரம். அங்கே பத்து நிமிடம் டீ. இந்தத் தடவை பின் சீட்டில் நானும் மகளும், முன் சீட்டில் நஸ்ரின். ஏழுமலை கண்ணாடியில் பார்த்து, "கன்னுக்குட்டி வந்துடுச்சா பாய்?" என்றார். கண்டமங்கலம் வழியாக 43 கிலோமீட்டர், 6.30க்கு வீடு.

போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள். இரண்டு மணிக்கு மேல் குழந்தைகள் தூங்கி வழியும், அதற்குள் முக்கியமானதைப் பார்த்துவிடுங்கள். பவர் பேங்க் எடுத்துப் போகச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் என் வாயால் அதைச் சொல்ல மாட்டேன். என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விடுப்பின் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். நான் பத்தொன்பது நாளை வீணடித்தேன். மிச்சம் கிடைத்த ஒன்பது நாளும் அவள் என் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

இதை ஷார்ஜாவில் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டு மணி வீடியோ கால் பழையபடி நடக்கிறது, ஒரே ஒரு மாற்றம். திரையில் என் முகம் வந்ததும் ஹனா போனைப் பிடுங்கித் திருப்பி, பின்பக்கம் பார்க்கிறாள். அங்கே கால் இல்லை. அம்மாவின் பின்னால், கதவின் பின்னால் எல்லாம் தேடிவிட்டு வந்து "அத்தா கால் எங்க?" என்று கேட்கிறாள். முதல் நாள் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். முகம் மட்டும் போதும் என்று இருந்தவளுக்கு முழு ஆளையும் காட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த விடுப்பு இரண்டு வருடம் கழித்து வேண்டாம், டிக்கெட் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன், பத்து மாதத்தில் ஊருக்கு விடுங்கள் என்று நேற்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.